காங்கிரீட்டுக்கு முன்பே முடிக்க வேண்டிய மொட்டை மாடி ஓட்டைகள்: வென்ட் பைப், ஸ்லீவ், டக்ட்

மேல்தளக் காங்கிரீட்டுக்கு முந்தின நாள் வரை பிளம்பர் சைட்டுப் பக்கமே வரவில்லை என்றால், அந்த மாடி ஒழுகும் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். சென்ட்ரிங் பிரித்து, பூச்சு வேலையும் ஏறக்குறைய முடிந்த பிறகு அவர் வருவார். பிரேக்கர் மெஷினை வைத்து உடைப்பார். மேலே ஒரு சாண் ஓட்டை இருக்கும். அடியில் ஒரு முழத்துக்குக் காங்கிரீட் பெயர்ந்திருக்கும். பைப்பை இறக்கி, சுற்றிலும் சிமென்ட் கலவையைத் திணித்துவிட்டுப் போய்விடுவார். அடுத்த ஐப்பசியில் பாத்ரூம் சீலிங்கில் பைப்பைச் சுற்றி ஈர வளையம் தெரியும்.

சென்னை அண்ணா நகர் மாதிரி பக்கவாட்டில் இடம் விட்ட மனைகளில் இந்தத் தலைவலி குறைவு. பைப்பெல்லாம் வெளிச்சுவரோடு ஏறி பாரபெட்டைத் தாண்டிவிடும், தளத்தைத் துளைக்கவே வேண்டாம். வட சென்னையின் வண்ணாரப்பேட்டை, ராயபுரம், கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கம் அப்படி இல்லை. நம் சுவரும் பக்கத்து வீட்டுச் சுவரும் ஒட்டி நிற்கும். பைப் வீட்டுக்குள்ளேதான் ஏறியாக வேண்டும், தளத்தின் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். அதனால் இங்கே கட்டும் வீட்டுக்கு ஓட்டைக் கணக்கு தனி வேலை. அதைக் கம்பி கட்டுவதற்கு முன் முடிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு, 20க்கு 40 அடி மனையில் ஸ்டில்ட் பார்க்கிங்கும் மேலே இரண்டு மாடியும் உள்ள வீட்டை வைத்துக்கொள்வோம். மாடிக்கு ஒரு வீடு, வீட்டுக்கு இரண்டு கழிப்பறை.

முதலில் கணக்கு

மாடிக்கு வரப்போகிற எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுத வேண்டும்: கழிவறை ஸ்டாக்கின் (எல்லா மாடிக் கழிவையும் கீழே இறக்கும் செங்குத்துப் பைப்) வென்ட் (அதே பைப் காற்றுக்காக மாடிக்கு மேல் நீளும் பகுதி), குளியல் மற்றும் சமையலறைத் தண்ணீர் இறங்கும் பைப்பின் வென்ட், சம்ப்பிலிருந்து டேங்குக்கு ஏறும் லைன், டேங்கிலிருந்து இறங்கும் லைன்கள், சோலார் ஒயர், ஏசி காப்பர், டிவி மற்றும் நெட் கேபிள், செப்டிக் டேங்க் உள்ள பகுதியானால் அதன் வென்ட். ஒவ்வொருவரும் தனித்தனியாகத் துளைத்தால் எட்டு, ஒன்பது ஓட்டை வந்துவிடும். சமையலறைச் சிம்னியை மட்டும் சுவர் வழியாகவே வெளியேற்றிவிடலாம், அதைத் தளத்துக்குக் கொண்டுவர எந்தக் காரணமும் இல்லை.

அடுத்து, தரைத்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி, மொட்டை மாடி ஆகிய நான்கு பிளானையும் ஒரே அளவில் பட்டர் பேப்பரில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். கழிவறைகள் நேருக்கு நேர் விழுகின்றனவா, ஸ்டாக் எந்தப் பீமில் மோதுகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். பீமைத் துளைப்பது என்ற பேச்சே வேண்டாம். பில்லர் தலையை ஒட்டியும் ஓட்டை கூடாது. மோதினால் கழிவறைச் சுவரை ஆறு அங்குலம் நகர்த்துவதே மலிவு. பேப்பரில் நகர்த்தக் காசு கிடையாது.

வென்ட் எதற்கு, எங்கே, எவ்வளவு உயரம்

"பைப்பில் நாற்றம் போக ஓட்டை" என்றுதான் பல மேஸ்திரிகள் வென்ட்டைப் புரிந்துவைத்திருக்கிறார்கள். அதனால்தான் மேல்மாடியோடு ஸ்டாக்கை முடித்து, மூடி போட்டுவிடுகிறார்கள். வென்ட்டின் முதல் வேலை காற்றை உள்ளே விடுவது. மேலே ஃபிளஷ் செய்ததும் தண்ணீர் மொத்தமாகப் பைப்பில் இறங்குகிறது. அதன் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. மேலிருந்து காற்று வர வழி இல்லையென்றால், அது கிடைத்த இடத்திலிருந்து இழுக்கும், அதாவது வாஷ்பேசினுக்கு அடியிலுள்ள வளைவான ட்ராப்பிலும் பாத்ரூம் தரையிலுள்ள நஹானி ட்ராப்பிலும் நிற்கிற தண்ணீரை. அந்தத் தண்ணீர்ப் பூட்டு வெறும் 50 மிமீ உயரம். அது உறிஞ்சப்பட்டதும் சாக்கடை வாடை நேராக அறைக்குள் வரும். ஃபினாயில் ஊற்றித் தீராது.

வட சென்னையில் இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கனமழையில் தெருச் சாக்கடை நிரம்பி வீட்டுச் சேம்பரில் (கழிவுநீர்த் தொட்டி) தண்ணீர் ஏறும்போது, பைப்புக்குள் இருக்கும் காற்று நசுங்கி மேலே தள்ளும். வென்ட் இல்லாத வீட்டில் கீழ்மாடி நஹானி ட்ராப் குபுகுபுவென்று கொப்பளிப்பது இதனால்தான். ரோடு உயர்ந்துகொண்டே போய் வாசல் பள்ளமாகிவிட்ட தெருக்களில் கடைசிச் சேம்பருக்கு தண்ணீரைத் திரும்ப வரவிடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம் வைக்க வேண்டும். அது மூடிக்கொண்ட நேரத்தில் வீட்டுப் பக்கம் மூச்சு விட வென்ட் ஒன்றுதான் வழி.

ஸ்டாக் 110 மிமீ என்றால் வென்ட்டும் 110 மிமீ ஆகவே மாடிக்கு வெளியே வரட்டும். 75க்குக் குறைத்து மிச்சமாவது பெரிய தொகை இல்லை. கழிவறை ஸ்டாக், குளியலறை ஸ்டாக் இரண்டுக்கும் தனித்தனி ஓட்டை தேவையில்லை. மேல்மாடியில் இரண்டையும் இணைத்து ஒரே வென்ட்டாக ஏற்றலாம். இணைப்பு, அந்த மாடியில் உள்ள வாஷ்பேசின் விளிம்பைவிடக் குறைந்தது 150 மிமீ உயரத்தில் வர வேண்டும். அதற்குக் கீழே இணைத்தால், ஒரு ஸ்டாக் அடைத்த நாளில் கழிவுநீர் வென்ட் வழியாக இன்னொன்றுக்குள் வழியும். எங்கே அடைப்பு என்று கண்டுபிடிக்கவே முடியாது. படுக்கையாகப் போகும் வென்ட் துண்டு ஸ்டாக்கை நோக்கிச் சரிய வேண்டும். நடுவில் தொய்ந்தால் மழைத்தண்ணீர் தேங்கி, வென்ட்டே அடைத்துக்கொள்ளும்.

உயரத்துக்கு வருவோம். பாரபெட், தளம் இரண்டில் எது உயரமோ அதற்கு மேல் 1.5 மீட்டர். 3 மீட்டர் தூரத்துக்குள் சன்னல் இருந்தால் அதன் மேல் விளிம்பைவிட 1.5 மீட்டர். இது குறைந்தபட்சம்தான். நம் மொட்டை மாடியில் துணி காயும், வடகம் காயும், காசிமேட்டுப் பக்கம் கருவாடும் காயும், கோடையில் ஆட்கள் படுப்பார்கள். ஆள் மூக்கு உயரத்தில் முடிகிற வென்ட் பைப் இங்கே ஆகாது. ஒட்டி நிற்கும் பக்கத்து வீடு நம்மைவிட ஒரு மாடி உயரம் என்றால் அவர்களுடைய சன்னலையும் கணக்கில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கிரகப்பிரவேசம் முடிந்த மறுவாரமே சண்டை.

இடம் தேர்ந்தெடுக்கக் காற்று உதவும். வெயில் காலத்தில் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும். மாடியைப் புழங்குவதும் அந்த நேரத்தில்தான். ஆகவே வென்ட் மேற்கு ஓரத்தில் நிற்பது நல்லது. ஹெட்ரூம் (மாடிப்படி முடியும் அறை) சுவரை ஒட்டி ஏற்றினால் கிளாம்ப் அடிக்கச் சுவர் கிடைக்கும். ஆனால் ஹெட்ரூம் மேல் டேங்க் இருந்தால், வென்ட் வாய் டேங்க் மூடிக்குப் பக்கத்தில் முடியக் கூடாது.

மேலே கௌல் (காற்றுத் துவாரமுள்ள மூடி) போட்டு, அதற்குள் நைலான் கொசுவலை கட்ட வேண்டும். செப்டிக் டேங்க் வென்ட்டுக்கு இது கட்டாயம். கியூலெக்ஸ் கொசு அதற்குள் இறங்கி முட்டையிட்டுப் பெருகும். வலையில் தூசியும் ஒட்டடையும் அடைவதால் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன் தட்டிவிட வேண்டியிருக்கும்.

மழைநீர் பைப்பை இந்த ஸ்டாக்கில் டீ போட்டுச் சேர்ப்பது இந்தப் பக்கம் சர்வசாதாரணம். செய்யாதீர்கள். மாடி முழுக்கச் சாக்கடை வாடை வரும், மழையில் சேம்பர் பொங்கும். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தத் தண்ணீர் போக வேண்டியது உறை குழிக்கு. 800 சதுர அடி மாடியில் மணிக்கு 100 மிமீ மழை பெய்தால் ஏறக்குறைய 7,400 லிட்டர் விழுகிறது. ஒரு வாய் இலைச் சருகால் அடைத்தாலும் தாக்குப்பிடிக்க 110 மிமீ பைப் குறைந்தது இரண்டு வேண்டும்.

ரேடான் பைப் நமக்கு வேண்டுமா?

அமெரிக்காவில் வீடு கட்டும் பிள்ளைகள் அனுப்பும் பிளானில் கூரைக்கு மேல் இன்னொரு பைப்பும் நீட்டிக்கொண்டிருக்கும். அது ரேடான் வென்ட். மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதையும்போது வரும் வாயு ரேடான். நிறமோ வாடையோ கிடையாது. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைக்கு அடுத்த பெரிய காரணம் என்று அங்கே கணக்கு. தரைத்தளத்துக்கு அடியில் 4 அங்குலம் ஜல்லி பரப்பி, மேலே கனமான பாலித்தீன் ஷீட் விரித்து, ஜல்லிக்குள்ளிருந்து 3 அல்லது 4 அங்குலப் பைப்பை நேராகக் கூரைக்கு மேல் குறைந்தது ஓர் அடி ஏற்றிவிடுவார்கள். வாயின் 10 அடிக்குள் சன்னல் இருந்தால், வாய் அதைவிடக் குறைந்தது 2 அடி உயரத்தில் இருக்க வேண்டும். அளந்து பார்த்து லிட்டருக்கு 4 பிகோகியூரி, அதாவது கன மீட்டருக்கு 148 பெக்கரலைத் தாண்டினால் அதில் ஒரு ஃபேன் இணைப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு இன்னும் கறார்: 100 பெக்கரல்.

அங்கே மண்ணுக்குள் இறங்கிய அடித்தள அறை உண்டு, குளிருக்காகச் சன்னல்களை மாதக்கணக்கில் அடைத்து வைப்பார்கள். நம் ஸ்டில்ட் வீட்டில் மண்ணுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் காற்று புரளும் பார்க்கிங் இருக்கிறது. அதற்கு ரேடான் பைப் போட்டு மேல்தளத்தில் இன்னொரு ஓட்டை வாங்குவது வீண். தரையோடு கட்டிய வீட்டில் நாள் முழுக்க ஏசி ஓடும் மூடிய அறை இருந்து, சந்தேகமும் இருந்தால் முதலில் கருவி வைத்து அளப்பதே முறை. அப்படியே பைப் போட நேர்ந்தாலும், அதைக் கழிவறை வென்ட்டோடு இணைக்கவே கூடாது. சாக்கடை வாயு தரைக்கு அடியிலுள்ள ஜல்லிக்குப் போய், அங்கிருந்து வெடிப்பு வழியாக வீட்டுக்குள் ஏறும்.

எல்லாவற்றுக்கும் ஒரே டக்ட்

ஒட்டுமனை வீட்டில் சிறந்த வழி, எட்டு சின்ன ஓட்டைக்குப் பதில் ஒரு பெரிய ஓட்டை. இரண்டு கழிவறைக்கும் பொதுவாக 900க்கு 600 மிமீ டக்ட் (பைப்புகள் ஏறும் செங்குத்துக் கூண்டு) விட்டால் எல்லாப் பைப்பும் அதற்குள் ஏறும், ஆளும் உள்ளே புகுந்து, அடைப்பெடுக்கக் கதவு வைத்த டோர் டீயைத் திறக்கலாம். இதைவிடச் சிறிதாக்கினால் பத்து வருஷம் கழித்து யாரோ டைல்ஸ் சுவரை உடைப்பார்கள்.

டக்ட் வாயைச் சுற்றித் தளக் கம்பி அறுபடும். அறுபட்ட கம்பி எத்தனையோ அத்தனையையும் பாதிப் பாதியாக இரண்டு பக்கமும் கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்தக் கம்பி ஓட்டையின் விளிம்பைத் தாண்டி இரு பக்கமும் அதன் விட்டத்தைப் போல் 50 மடங்கு ஓட வேண்டும். 10 மிமீ கம்பிக்கு 500 மிமீ. நான்கு மூலையிலும் குறுக்காக ஒரு கம்பி வைத்தால் மூலையிலிருந்து கிளம்பும் வெடிப்பு நிற்கும். டிராயிங்கில் இஞ்சினியர் கையெழுத்து இல்லாமல் இதை மேஸ்திரி கணக்கில் விட வேண்டாம்.

டக்ட் வாயைச் சுற்றி 4 அங்குலத் தடிமனில் காங்கிரீட் கட்டை எழும்ப வேண்டும். அதன் அடி 150 மிமீயாவது தளத்தோடு அதே நாளில், அதே காங்கிரீட்டில் ஊற்றப்பட வேண்டும். தளத்தைப் போட்டுவிட்டு மறுவாரம் செங்கல் வைத்துக் கட்டினால், தளமட்டத்தில் ஒரு ஜாயிண்ட் விழும். தண்ணீர் நிற்பது சரியாக அதே மட்டத்தில். கட்டை, முடிந்த தரைக்கு மேல் 300 மிமீ நிற்க வேண்டும். அதன் மேல் செங்கல் இரண்டு வரிசை, காற்றுக்கு வலையடித்த துவாரம், அதற்கு மேல் 60 மிமீ மூடிப் பலகைக் காங்கிரீட். பலகை சுற்றிலும் 75 மிமீ நீட்டிக்கொண்டு, அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு காடி இருக்கட்டும். தண்ணீர் லைன்களும் ஒயரும் பக்கச் சுவர் வழியாக, வெளிப்பக்கம் சரிந்து வெளியேறும். வென்ட் மட்டும் மூடிப் பலகையைத் துளைத்து மேலே போகும். அந்த இடம் கசிந்தாலும் சொட்டு டக்ட்டுக்குள்தான் விழும். யார் வீட்டுச் சீலிங்கிலும் தெரியாது. ஒரு ஓட்டையை எங்கே வைக்கலாம் என்று யோசிக்கும்போது இந்தக் கேள்விதான் முக்கியம்: கசிந்தால் எங்கே விழும்?

இந்த வீட்டுக்கு வேண்டிய பைப்: கழிவறை ஸ்டாக்கும் வென்ட்டும் சேர்த்து 11.5 மீட்டர் உயரம், 3 மீட்டர் நீளத்தில் 4. குளியலறை ஸ்டாக் மேல்மாடி இணைப்போடு முடிவதால் 3. எல்லாம் 110 மிமீ, ஐ.எஸ். 13592 டைப் பி. டைப் ஏ சுவர் மெல்லியது, வெயிலில் சீக்கிரம் உடையும். பைப் மேல் அச்சடித்திருப்பதைப் படித்துப் பார்த்து இறக்குங்கள். ஸ்டாக்குக்கு மாடிக்கு ஒன்றாக டோர் டீ 4, அடியில் 90 பெண்டுக்குப் பதில் 45 பெண்ட் இரண்டிரண்டு, இணைப்புக்கு ஒரு ஒய், ஒரு 45 பெண்ட், ஒரு கௌல். 1.5 மீட்டருக்கு ஒன்றாகக் கிளாம்ப் 14. எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு உப்புக்காற்றில் ஜிஐ கிளாம்ப் துருப்பிடித்து உதிரும். மாடிக்கு மேலே உள்ளவையாவது எஸ்எஸ் 316 ஆக இருக்கட்டும்.

தளத்தைத் துளைத்தே ஆக வேண்டுமென்றால் ஸ்லீவ்

டக்ட்டுக்கு இடமே இல்லாத மனையும் உண்டு. அங்கே ஒவ்வொரு பைப்புக்கும் ஸ்லீவ், அதாவது பைப் நுழைந்து போகக் காங்கிரீட்டில் பதிக்கும் பெரிய பைப் துண்டு. 110 பைப்புக்கு 160 மிமீ ஸ்லீவ் வைத்தால் சுற்றிலும் 20 மிமீ சந்து கிடைக்கும்.

பெரும்பாலான சைட்டில் தவறுவது ஸ்லீவின் உயரம். காங்கிரீட் மட்டத்தோடு அறுத்துவிடுவார்கள். அதற்கு மேல் வாட்டர்ப்ரூஃப் பூச்சு, செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளவரிசை, கலவை, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 150 மிமீ ஏறும். ஸ்லீவ் வாய் அதற்குள் புதைந்துபோகும். முடிந்த தரைக்கு மேல் 150 மிமீ நிற்க வேண்டுமென்றால், காங்கிரீட்டுக்கு மேல் 300 மிமீ விட வேண்டும். தளத்தின் 125 மிமீயையும் சேர்த்து ஸ்லீவ் நீளம் 425 மிமீ.

வழவழப்பான பிவிசியில் காங்கிரீட் ஒட்டாது. ஸ்லீவின் வெளிப்பக்கம் சால்வென்ட் சிமென்ட்டைத் தடவி, ஈரமாக இருக்கும்போதே பருமணலில் உருட்டி ஒருநாள் காயவிட்டால் பிடிப்பு வரும்.

இடம் குறிப்பது, ஷீட் அடித்ததும், கம்பி பரப்பும் முன். கீழ்மாடி ஸ்டாக் நடுவிலிருந்து தூக்குக்குண்டு பிடித்து, சென்ட்ரிங் ஷீட்டில் பெயிண்டால் வட்டம் போட வேண்டும். பாரபெட்டிலிருந்து 300 மிமீ தள்ளியிருக்க வேண்டும், அப்போதுதான் பின்னால் பூச்சுக்காரர் கை பைப்பைச் சுற்றி முழுக்கப் போகும். மழைநீர் வாய்க்கு ஓடும் சரிவின் பாதையில் கூடாது, மேட்டுப் பக்கமே சரி. 8 மிமீ கம்பி 6 அங்குல இடைவெளியில் இருந்தால் கம்பியை அறுக்காமல் லேசாக ஒதுக்கியே 160 ஸ்லீவை நுழைத்துவிடலாம். ஸ்லீவைக் கட்டுக்கம்பியால் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி, உள்ளே சாக்கைத் திணித்து, வாயை டேப்பால் மூட வேண்டும். காங்கிரீட் போடும்போது வைப்ரேட்டர் ஊசி ஸ்லீவில் படக் கூடாது. பட்டால் சாயும், ஆனால் பக்கத்தில் வைப்ரேட் செய்யாமலும் விடக் கூடாது, காங்கிரீட்டுக்குள் தேன்கூடு மாதிரி பொந்து விழும். இதற்கென்று ஒரு ஆள் நிற்பது நல்லது.

ஒயருக்கும் சின்னத் தண்ணீர் லைனுக்கும் 63 மிமீ பைப்பைத் தளத்தில் நட்டு, மேலே குடைப்பிடி மாதிரி வாயைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டால் போதும். அதில் சீலண்ட் வேலையே குறைவு.

பைப்புக்கும் ஸ்லீவுக்கும் நடுவில் சிமென்ட் கலவை வேண்டாம். வெயிலில் பிவிசி நீளும் அளவு காங்கிரீட்டைப்போல் ஆறு ஏழு மடங்கு. 3 மீட்டர் பைப் 30 டிகிரி வித்தியாசத்தில் ஏறக்குறைய 6 மிமீ நீண்டு சுருங்கும். தினமும் இப்படி இழுத்தால் எந்தக் கலவையும் விட்டுக்கொடுத்துவிடும். ஒரு வருஷத்தில் திரும்ப வரும் அந்த வளைய வெடிப்புக்குக் காரணம் கொத்தனார் இல்லை. சந்துக்குள் ஃபோம் கயிற்றைத் திணித்து, மேலே 10 மிமீ ஆழத்துக்கு பாலியூரித்தேன் சீலண்ட். அதற்கும் மேலே ரப்பர் பூட் என்கிற உறையை இறக்கி, ஸ்லீவ் வாய் மூடும்படி இரண்டு எஸ்எஸ் கிளிப்பால் இறுக்குவது. மாடிக்கு மேல் ஒரு ரிங் ஜாயிண்ட் (ரப்பர் வளையம் வைத்த இணைப்பு) இருக்கட்டும். பைப்பை சாக்கெட்டுக்குள் முழுக்கத் தள்ளி, குறி போட்டு, 10 மிமீ வெளியே இழுத்துவிட்டால் நீள்வதற்கு இடம் கிடைக்கும்.

பூச்சும் தண்ணீர் சோதனையும்

ஸ்லீவ் அடியில் 50க்கு 50 மிமீ அளவில் கலவையால் சரிவாக மூலையை அடைத்து, கியூரிங் முடிந்ததும் ஸ்லீவை எமரி தாளால் சொரசொரப்பாக்க வேண்டும். பாலிமர் பூச்சு இரண்டு கோட். நடுவில் ஃபைபர் மெஷ். பூச்சு, முடிந்த தரைக்கு மேலும் 100 மிமீயாவது ஸ்லீவில் ஏறட்டும்.

தளவரிசை போடும் முன் சோதனை. வாய்களை அடைத்து, 50 மிமீ தண்ணீரை மூன்று நாள் நிறுத்திக் கீழே பார்க்க வேண்டும். ஜல்லி போட்ட பிறகு சோதித்தால், கசிவு தெரிந்தாலும் எங்கே என்று தெரியாது; ஜல்லிக்கு அடியில் தண்ணீர் பத்தடி ஓடி வேறு அறையில் இறங்கும்.

ஏற்கெனவே தளம் போட்டாகிவிட்டதென்றால்

பிரேக்கரைத் தொடாமல் காங்கிரீட்டை வட்டமாக அறுத்தெடுக்கும் டைமண்ட் கோர் கட்டர்காரரை அழைக்க வேண்டும். 110 பைப்புக்கு 160 மிமீ கோர். முதலில் கம்பி எங்கே போகிறது என்று டிடெக்டரால் பார்த்து, முடிந்தவரை தவிர்த்துத் துளைக்கச் சொல்லுங்கள். ஸ்லீவுக்கு வழியில்லாததால், மணல் ஒட்டிய ஒரு குட்டையான 110 பைப் துண்டைத் தளத்தில் நிலையாகப் பதிப்பதுதான் முறை. அடியில் பிளைவுட் முட்டுக்கொடுத்து, கோர் சுவரை நனைத்து, பாண்டிங் கோட் அடித்து, நான்-ஷ்ரிங்க் கிரௌட்டை (காய்ந்தாலும் சுருங்காத கலவை) மூன்றில் இரண்டு பங்கு ஊற்றி ஒருநாள் விட்டு மீதியை ஊற்ற வேண்டும். மேலே பைப்பைச் சுற்றி 20 மிமீ அகலம், 10 மிமீ ஆழத்துக்குக் காடி விட்டுச் சீலண்ட் நிரப்ப வேண்டும். அந்தத் துண்டும் முடிந்த தரைக்கு மேல் 150 மிமீ நின்றாக வேண்டும். வெயிலில் நீளும் வென்ட் பைப் அதன் ரிங் சாக்கெட்டில்தான் உட்கார வேண்டும், அப்போதுதான் அசைவு கிரௌட்டுக்கு இறங்காது. இதற்கும் அதே மூன்று நாள் தண்ணீர். பைப்பைச் சுற்றி இரண்டடிக்கு ஒரு கலவை வரப்பு கட்டி நிறுத்தினாலே போதும்.